அப்பா இடுப்புல வந்த அக்கி

நேத்து ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுச் சுவருக்குக் காவி அடிச்சாங்க. அந்த ஈர வாசனையில, நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சப்போ அப்பாவுக்கு அக்கி வந்தது ஞாபகம் வந்துச்சு.

வலது பக்க இடுப்புல மட்டும் கொத்துக் கொத்தா கொப்புளம். சட்டை பட்டாலே நெருப்பா எரியும். பானை செய்யறவர் வந்து, அக்கி எழுதறேன்னு காவியைக் குழைச்சு அதுமேல சிங்கம் வரைஞ்சாரு.

"டாக்டர்கிட்ட போங்களேன்"னு அம்மா கெஞ்சினாங்க.

"அதான் எழுதியாச்சுல்ல, சும்மா இரு."

அப்பாவுக்கு ஒரே ஒரு பயம்தான். அக்கி இடுப்பைச் சுத்தி வந்து முட்டிக்கிட்டா உயிர் போயிடும்னு.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கறப்போ, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால இடது பக்கமும் புள்ளி வச்சுச் சுத்தி முடிச்சேன். எழுந்து கண்ணாடியைப் பார்த்தவரு அலறிட்டு, புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சாரு.

டாக்டர் பஞ்சால துடைச்சதும் என் புள்ளியெல்லாம் அழிஞ்சுது. "இது பெரும்பாலும் ஒரு பக்கம்தாங்க வரும். சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புல தூங்கி எழுந்திருக்கு. மூணு நாளுக்குள்ள வந்துட்டீங்க, மாத்திரை நல்லா கேக்கும். லேட்டானா சிலருக்கு வலி மாசக்கணக்குல நிக்கும்"னாரு.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதுகுல ரெண்டு விழுந்துச்சு. அவருக்குக் கொப்புளம் காஞ்சு, வலியும் போயிடுச்சு.

நேத்து பெயிண்டர்கிட்ட அப்பா பெருமையா சொல்றாரு: "அக்கி வந்தா உடனே டாக்டர்கிட்ட போயிடணும் தம்பி. நான் அப்படித்தான் போனேன்."

"ஆமாண்ணே, சட்டைகூட போடாம போனாரு"ன்னேன் நான்.