சுபம் போடும் வரை நான் தூங்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. இடைவேளையில் அம்மா வாங்கித் தந்த இரண்டு முறுக்கில் ஒன்றை மடியில் பத்திரமாக வைத்திருந்து, திரையில் ‘சுபம்’ என்று விழுந்த பிறகுதான் கடித்தேன். தூங்குகிறவள் முறுக்கைக் காப்பாற்றுவாளா? அறுபது வருஷமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் வேலை. எனக்கு ஒன்பது வயதில், அம்மாவின் தங்கையான சித்தி, லால்குடியில் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கினாள். வலது கையில் முழங்கை வரை துணிக்கட்டு. அவள் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா அதைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் போட்டாராம். எடுக்கப் போனதில் கை வெந்துவிட்டதாம். தொடர்கதையில் ஒரு வாரம் விட்டுப்போன கோபத்தில் வந்துவிட்டாள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நல்ல மனசோடு பக்கத்து வீட்டில் அந்த வாரப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிவந்தும் கொடுத்தேன். உட்கார்ந்து படித்தாள். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

கைக்கட்டு அவிழ்ந்ததும் வாய்க்கட்டும் அவிழ்ந்துவிட்டது. மத்தியானம் ஆண்கள் கடைக்குப் போன பிறகு, அரிசி பொறுக்குகிற சாக்கில் சந்துப் பெண்கள் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். அந்த வாரம் வந்த தொடர்கதைகளைச் சித்தி ஒவ்வொன்றாக எடுத்து உரிப்பாள். “மூணு வாரமா அந்தப் பொண்ணை ஜங்ஷன்லயே நிக்க வச்சிருக்காரு. கால் வலிக்காது அவளுக்கு? ஒரு பெஞ்சியாவது போடக் கூடாதா?” என்பாள். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் விடமாட்டாள். கதாநாயகி காரணமில்லாமல் மயங்கி விழுந்தால், முதலில் அவளுக்குச் சோறு போடச் சொல்லுங்கள் என்பாள். பாத்திரக்கடைக்காரர் வீட்டு அம்மா சிரித்துச் சிரித்து முறத்தைக் கவிழ்த்துவிடுவார்.

சினிமா விஷயம் இன்னும் விசேஷம். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறவள், பிரசாதத்தோடு ஏதாவது ஒரு படத்தைப் பற்றிய தீர்ப்பையும் கொண்டுவருவாள். நடுவில் மேட்னி பார்த்துவிட்டு வருகிறாள் என்று நானாக முடிவுகட்டி, பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அம்மா எங்களோடு படத்துக்குக் கூப்பிட்டால் மட்டும், “நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் அடுப்பைப் பாத்துக்கறேன்” என்பாள்.

தை பிறந்ததும் லால்குடியிலிருந்து ஆள் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சித்தியை அழைத்துப்போவார்களாம். அப்பா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிற சித்தி என்ன சொல்வாள்? ஆனால் அந்த வாரம் அரிசியில் கல் பொறுக்காமலே உலையில் போட்டாள்.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா என்னை மேட்னிக்கு அழைத்துப் போனாள். முந்தின வெள்ளிக்கிழமைதான் சித்தி அந்தப் படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். புருஷன் சந்தேகப்பட்டுத் துரத்திவிட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிற கதை. சித்தி சொன்னபடி, அவள் படித்து டீச்சராகிவிடுகிறாள். கடைசியில் புருஷன் வந்து கூப்பிடும்போது, “போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறாள். நானும் அந்தக் கேட் எப்போது வரும் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டும் வரவில்லை, பள்ளிக்கூடமும் வரவில்லை. கொட்டுகிற மழையில் அவள் ஓடிவந்து புருஷன் காலில் விழுந்தாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. அம்மா மட்டும் அழவில்லை. நான் முறுக்கைக் கடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பாத்திரக்கடை அம்மா அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார். சித்தி சொல்லி, கேட்டுக்கு வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. “பொய்! அவ திரும்பிப் போயிடுவா. கால்ல விழுவா. நான் பாத்தேன்!” என்று கத்தினேன்.

முறங்கள் நின்றன. சித்தியின் முகம் செத்துப்போனது. அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: “இவ எங்க பாத்தா? இடைவேளை முடிஞ்சதுமே என் மடியில படுத்துத் தூங்கிட்டா. சித்தி சொல்றதுதான் சரி. கடைசில அவ போகல.”

“சின்னப்புள்ளைதானே, தூக்கம் வரத்தான் செய்யும்,” என்றார் பாத்திரக்கடை அம்மா. போன வாரமே அவர் அந்தப் படத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும்! பொய் சொன்னால் தொடையில் கிள்ளுகிற என் அம்மா, கூடத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு பச்சைப் பொய்யா? அழுதுகொண்டே கொல்லைக்குப் போய்விட்டேன். இரவு சோறும் வேண்டாம் என்றேன். பிறகு பசி தாங்காமல் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்காரர்கள் பழத்தட்டோடு வந்தார்கள். என்னை உள் அறையில் இருக்கச் சொன்னார்கள். அங்கே சித்தியின் டிரங்குப் பெட்டி கட்டத் தயாராகத் திறந்து கிடந்தது. புடவைகளுக்கு அடியில் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகங்கள், இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் பாதிக் கதை. முடிவில், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. அடேயப்பா, இத்தனை படமா பார்த்திருக்கிறாள் என்று வாயைப் பிளந்தேன். வாழாவெட்டிக்குச் சினிமா கேட்கிறதா என்று ஊர் பேசும் என்பதற்காக அவள் கொட்டகைப் படியே மிதித்ததில்லை என்பதும், மீதிக் கதையை அவளே கட்டிச் சொன்னாள் என்பதும், கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும் என்பதும் பிற்பாடு, அவள் டீச்சராகிப் பொன்மலைக்கு ரயிலேறிப் போய்வந்த காலத்தில்தான் எனக்கு விளங்கியது. இப்போது எண்பது தாண்டியும் டி.வி. தொடர் பார்த்துக்கொண்டு, அழுகிற பெண்ணுக்கு யாராவது காபி கொடுங்கள் என்கிறாள்.

அன்றைக்குக் கூடத்தில் பேச்சுக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது. “அவ வர மாட்டா. என் கூடத்தான் இருப்பா.”

அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லி அதட்டினார். அம்மா அதையே இன்னொரு தடவை சொன்னாள். கதவிடுக்கில் நின்றிருந்த சித்தி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று ஒரு பொய், இன்றைக்கு இன்னொன்றா! இதோ பெட்டி கட்டத் தயாராக இருக்கிறதே என்று வெளியே ஓடிப்போய் எல்லோர் எதிரிலும் சொல்ல எழுந்தேவிட்டேன். சொன்னால் மறுபடியும் தூங்கிவிட்டேன் என்பார்கள். எனக்கென்ன வந்தது என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.