அம்மா இங்கிலீஷ் படித்த மழைக்காலம்

எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டில் தமிழுக்குத் தடை விழுந்தது. தடை போட்டவள் அம்மா.

ஈஜிபுராவில் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி. அம்மா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அப்பா சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். நான் விழிக்குமுன் போய்விடுவார், தூங்கிய பிறகு வருவார். ஆகவே வீட்டில் பேச்சு என்றால் அது அம்மாவும் நானும்தான்.

திருப்பத்தூர் பக்கம் தமிழில் படித்து வந்தவள் அம்மா. வார்டுக்கு வேண்டிய இங்கிலீஷ் அவளிடம் தாராளமாக இருந்தது. எங்கே வலிக்கிறது, வாயைத் திற, திரும்பிப் படு என்பதையெல்லாம் தடுக்காமல் சொல்வாள். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமானால் எழுத வேண்டிய பரீட்சைக்கு அது போதவில்லை. ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தாள். உங்களிடம் வார்த்தைகள் குறைவு, வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று கோச்சிங் கிளாஸில் சொல்லிவிட்டார்களாம்.

“இனிமே சாயங்காலம் வந்தா நாம ரெண்டு பேரும் இங்கிலீஷ்தான் பாப்பா. நான் பரீட்சை பாஸாகறவரைக்கும். சரியா?”

நான் தலையாட்டினேன். முன்பு மடிவாளா ஆஸ்பத்திரியை விட்டு அம்மா வேறு இடம் மாறியபோது அவள் ஏறும் பஸ் மட்டும்தான் மாறியது. லண்டனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வெட்டி, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் வார்த்தைகளை எழுதி வைத்திருந்தாள். அட்டையைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. தமிழ் அவள் பக்கம், இங்கிலீஷ் என் பக்கம். ‘தயங்குகிற’ என்று படித்துவிட்டுக் கண்ணை மூடி “ரிலக்டன்ட்” என்பாள். நான் எழுத்துக்கூட்டிப் பார்த்து “எஸ்” என்பேன். ஒத்திப்போடுவது, சமாளிப்பது, ஏங்குவது என்று அட்டைகள் வந்துகொண்டே இருக்கும். வெளியே மழை பெய்யும். அட்டைகள் முடிந்தால் எங்கள் பேச்சும் முடிந்தது. பள்ளியில் நான் கற்ற இங்கிலீஷ் பசுவைப் பற்றியும் கொடியைப் பற்றியும்தான். அதை வைத்துக்கொண்டு அம்மாவிடம் எத்தனை நாள் பேசுவது? பசித்தால் தட்டை எடுத்து முன்னால் வைத்தேன். மற்ற நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கென்று ஒரே ஒரு சிநேகிதி இருந்தாள், எதிர்வீட்டில். ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அந்த வீடு பூட்டியிருந்தது. கொடியில் துணி இல்லை, வாசலில் செருப்பு இல்லை. அவர்கள் காலையிலேயே சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கே போய்விட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். அம்மா டியூட்டி முடிந்து வரும்வரை அழுகையை அடக்கி வைத்திருந்தேன். அவள் குடையை மடக்குவதற்குள் ஓடிப்போய், “மை ஃப்ரெண்ட் கோ” என்றேன்.

“நாட் கோ,” என்றாள் அம்மா. “மை ஃப்ரெண்ட் ஹேஸ் கான். ரிபீட்.”

“மை ஃப்ரெண்ட் ஹேஸ் கான்.”

“வெரி குட்!” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு அட்டைகளை எடுக்கப் போனாள்.

நான் கீழே இறங்கிப் போனேன். மழை விட்டிருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். வாசலைக் கூட்ட வந்தவர், “யாக்கம்மா, ஒப்ளே கூத்தித்தீயா?” என்றார். ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டதுதான் தாமதம், தெருவில் கற்ற கன்னடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். சிநேகிதி என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை என்றும், நாளையிலிருந்து பள்ளிக்கு யாரோடு போவது என்றும் சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னை அணைத்துக்கொண்டார்.

என்னைத் தேடிவந்த அம்மா மேல்படியில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?” என்றாள், தமிழில்.

“சொன்னேனே. நீ திருத்துன.”

என்னைத் தூக்கக்கூடிய வயதைத் தாண்டியிருந்தேன். இருந்தும் அம்மா மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினாள். அன்று அட்டைகளைத் தொடவில்லை. சிநேகிதியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை மறுபடி இங்கிலீஷ்தான். பரீட்சை நெருங்கியிருந்தது.

அம்மா பாஸானாள். அப்பா அன்று வெளிச்சம் இருக்கும்போதே மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் மூவரில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். தடை நீங்கிவிட்டது. “இனிமே தமிழ்ல பேசலாம்!” என்று படியெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மாவும் பேசினாள், ஓயாமல் பேசினாள். காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, கேஸை எப்படி மூடுவது, அப்பா எதை மறப்பார், அதை யார் ஞாபகப்படுத்த வேண்டும் என்று காலையும் மாலையும் சொன்னாள். விட்டுப்போன தமிழையெல்லாம் வட்டியோடு தருகிறாள் என்று நான் மகிழ்ந்துபோனேன்.

கண்ணாடிமுன் நிற்கவைத்து, நானே தலை பின்னிக்கொள்ளவும் பழக்கினாள். “வகிடு கோணாம எடு. அவசரப்படாத, இழுத்துப் பின்னு.” ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் துணையுமில்லாமல் இரட்டைச் சடை போட்டு, ரிப்பனும் கட்டிக்கொண்டு அவள்முன் போய் நின்றேன். “பாரும்மா, நானே பின்னிட்டேன்.”

அம்மா பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைத் திருப்பி உட்காரவைத்து, ரிப்பனை உருவி, இரண்டு சடைகளையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தானே மெல்லப் பின்னத் தொடங்கினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வகிடு கோணவில்லை, பின்னல் நன்றாகத்தான் இருந்தது. எதற்கு அவிழ்த்தாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.