பொடிக்குட்டை

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு கொக்கு. மூன்று ஆள் ஆழம் வெட்டிய குட்டையின் நட்டநடுவில், கணுக்கால் மட்டும் நனைய அது நின்றுகொண்டிருந்தது.

"பாத்தியா மாப்ள?" என்றார் மச்சான். என் அக்காவின் கணவர். "அத்தனையும் பொடி. தண்ணி மேலாப்புல நாலு வெரல்தான்."

கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, மலையடியில் இருக்கும் அவருடைய மேட்டு நிலத்தில் குவாரி நடந்தது. கல் கழுவிய தண்ணீர் நேராக வயலுக்குள் இறங்காமல், கல்பொடி அடியில் தங்குவதற்காகக் குவாரிக்காரர்கள் வெட்டிய குட்டை அது. இருந்தவரை கோடைதோறும் வாரினார்கள். குத்தகை முடிந்ததும் எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேட்டில் விட்டுப்போன பொடிக் குவியலை ஒவ்வொரு மழையும் கரைத்துக் குட்டைக்குள் கொண்டுவந்தது. நேர் கீழே மச்சானின் இரண்டு ஏக்கர் நெல்வயல், அதன் ஓரத்தில் கிணறு. கரை உடைந்தால் இரண்டும் போகும்.

குவாரிக்கு அனுமதி தரும் ஜியாலஜி ஆபீசுக்கு நானும் கூடப் போயிருந்தேன். நிலம் உங்கள் பேரில் இருக்கிறது, குட்டையைப் பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு என்றார் அதிகாரி. வாரிய பொடியை வெளியே கொண்டுபோகப் பாஸ் வேண்டும். அது குவாரி உரிமம் உள்ளவருக்குத்தான் கிடைக்கும். உரிமம் வைத்திருந்தவர் எங்கள் போனை எடுப்பதில்லை.

வெளியே வந்ததும் மச்சான், "பத்திரிகையில அத்தன வருசம் குப்ப கொட்டினியே, இத ஒருக்கா எழுதிப் போடறது" என்றார்.

"ஆரு படிப்பாங்க, மச்சா?"

"அதுஞ் சரிதான்."

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் வாரியாக வேண்டும். மே மாதம் ஜேசிபி வந்தது. கரையோரம் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கிவிடும்.

"எங்கீங்க கொட்டறது?" என்று டிரைவர் கேட்டார்.

"வயலுக்குத்தான். வேறெங்க?"

அந்தப் பக்கத்தில் கோடையில் குளம் வாரினால் வண்டலை வயலுக்கு அடிப்பது வழக்கம். மச்சான் அதைத்தான் செய்தார். பொடியை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். சாம்பல் நிறம், திருநீறு போல வழவழப்பு. அக்கா குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தாள்.

"கொளத்து மண்ணுன்னா நத்த ஓடு கெடக்கும். இதுல ஒரு புழு இல்லீங்களே."

"புழுவுக்குத்தான் எடமில்ல. உம்பட வாய்க்கு எங்கியும் எடமிருக்குது. போய் டீயக் கொண்டா."

வயல் முழுக்கப் பரப்பினார்கள். கிணற்றடி மூலை மட்டும் மிச்சம். அங்கே நாற்றங்காலில் நாற்று பச்சைப்பசேல் என்று நின்றது.

ஒரு சாயங்காலம் கோடை மழை பெய்தது. பிறகு நல்ல வெயில். டிராக்டர் வந்தபோது கலப்பை இறங்கவில்லை. மேலே வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டே போனது. டிராக்டர்காரர் என்ஜினை நிறுத்தினார்.

"ஏனுங்க, மண்டபம் கட்டறீங்களா? தளம் சோக்காப் போட்டிருக்கீங்க."

மச்சானும் சிரித்தார். பிறகு கடப்பாரை எடுத்துவந்து குத்தினார். சில்லு சில்லாகத் தெறித்தது. மறுநாளும் குத்தினார். அதற்கடுத்த நாள் கடப்பாரையைத் தொடவில்லை.

"இதையும் வாரோணும்" என்றார். "வாரி எங்க கொட்டறது, சொல்லு?"



ஜூனில் மழை பிடித்தது. தண்ணீர் வயலுக்குள் இறங்காமல் மேலோடு வழிந்து கிணற்றில் விழுந்தது. வாளியில் மோர் போல வந்தது. மேட்டுக் குவியல் கரைந்து குட்டையில் மறுபடியும் பொடி சேர ஆரம்பித்தது. ஆபீசிலிருந்து ஒருவர் வந்து கரையில் நின்று பார்த்தார். குட்டையை வாரியிருக்கிறீர்கள், நல்லது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நட இடமில்லாமல் நாற்று முற்றிவிட்டது. அக்கா அதை அறுத்து எருமைக்குப் போட்டாள்.