கூட்டம் எம்புட்டு

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். எங்க வீட்டுல அப்படி ரெண்டு பேரு உண்டு. ஒருத்தரு எம் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுதாரு. இன்னொருத்தன் எங்கூடப் பிறந்த தம்பி, செல்போன் கடையில வேலை பாக்கான். ரெண்டு பேருக்கும் சீமையில ஆளுக்கொரு ஃபுட்பால் கிளப். இவருக்குச் சிவப்புச் சட்டை, அவனுக்கு நீலச் சட்டை. ஞாயித்துக்கிழமை கறிச்சோத்துக்கு உக்காந்தா, கோல் யாரு போட்டாங்கிற பேச்சே வராது. யாரு ஸ்டேடியத்துல எத்தனை சீட்டு, போன வாரம் அதுல எத்தனை காலியாக் கெடந்துச்சு, இதுதான் பேச்சு.

"அத்தான், உங்க ஸ்டேடியம் பெருசுதான். உக்காரத்தான் ஆளு இல்ல"ம்பான் தம்பி.

"ஏலே, எங்க ஸ்டேடியத்துச் சைக்கிள் ஸ்டாண்டுக்குள்ள உங்க ஸ்டேடியத்தத் தூக்கி வச்சிரலாம்லே"ம்பாரு இவரு.

நான் குழம்ப ஊத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். எந்த ஸ்டேடியத்துலயும் போயி ஒரு நாளு உக்காந்த மூஞ்சி இல்ல ரெண்டும். இந்தச் சீக்கு சீமையோட நின்னிருந்தா நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.

எங்க ஊர்ல ஒரு மைதானம் இருந்துச்சு. செம்மண் தரை, ரெண்டு பக்கமும் இரும்புக் கோல் போஸ்டு, ஒரு ஓரத்துல தண்ணி டேங்கு, மத்த ஓரமெல்லாம் வேலிக்கருவை. ரெண்டு கிளப்புக்கும் அது ஒண்ணுதான். கிழக்கு கிளப்பு பொங்கலுக்கு டோர்னமெண்ட் வைக்கும், மேற்கு கிளப்பு கோடை லீவுல வைக்கும். இவரு கிழக்கு, தம்பி மேற்கு. ஃபைனல் முடிஞ்ச கையோட, டேங்கு மேல ஏறி எடுத்த போட்டோ வாட்ஸ்அப்புல வரும். பாத்தா ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். "அத்தான், அதுல பாதி வெள்ளாடு, நல்லாப் பெருசு பண்ணிப் பாருங்க"ன்னு அவன் சொல்லுவான். "உங்க மேட்சுக்கு வந்தவன்லாம் பிரியாணி எங்கன போடுதாவன்னு விசாரிச்சு வந்தவம்லே"ன்னு இவரு சொல்லுவாரு. வருஷம் பூரா இதே பாட்டு.

எம் மக அந்த மைதானத்துலதான் கோல் கீப்பரு. பதினொண்ணாங் கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் விடியக்காலையில பொம்பளப் பிள்ளைகளச் சேத்து ஆட விடுவாவ. இருட்டுல அவளத் தனியா விட மனசு கேக்காம நானும் கூடப் போவேன். அங்கன கெடக்க உருளைக் கல்லு மேல உக்காந்து பாத்துட்டு, அப்படியே தறி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருவேன். கோல் கீப்பர்னா விழணும். விழுறதுக்கு மண்ணு வேணும். போஸ்டுக்கு முன்னால இருக்க மண்ணத் தண்ணி தெளிச்சுக் கொத்தி விட்டு, வலது பக்கம், இடது பக்கம்னு பாய்ஞ்சு பாய்ஞ்சு விழுவா. தொடையெல்லாம் செம்மண்ணாத்தான் வீட்டுக்கு வருவா. அந்த டிரௌசரத் துவைச்சு என் கை ஓஞ்சு போகும். ஆனா பெருமைதான் எனக்கு.

மாவட்ட டீமுக்கு செலெக்ஷன் வருது, இவ கட்டாயம் எடுபடுவான்னு டீச்சர் சொன்னாவ. எடுபட்டா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலு, பொறவு காலேஜ் சீட்டு, எல்லாம் அந்த வழியிலேயே வந்துருமாம். நான் நிக்க தறியில அவளும் வந்து நிக்க வேண்டாம். வேற ஆசை எனக்குக் கிடையாது. தம்பி திருநெல்வேலியில கையுறை வாங்கிட்டு வந்து குடுத்தான், இவரு பூட்ஸ் வாங்கிக் குடுத்தாரு. மருமக எங்க கிளப்பு, மக எங்க கிளப்புன்னு அதுலயும் ஒரு சண்டை. ரெண்டு பேருல ஒருத்தராவது விடியக்காலையில எந்திரிச்சு வந்து, அவ விழுந்து எந்திரிக்கிறதப் பாக்கணுமே. பாத்தது கிடையாது.

இப்படி இருக்கையில, மைதானத்துல கேலரி கட்டலாமா, இல்ல பூ மார்க்கெட்டுக்கு வார வண்டிய நிறுத்துற இடமா ஆக்கிரலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. கேலரி கட்டுனா பாக்க ஆளு வருமான்னு விசாரிக்க ஒரு ஆபீசரு வந்தாரு, சாயங்காலம் நாலு மணிக்கு. ஊரே கூடி நிக்கி. கேலரி எங்க பக்கம்தான் கட்டணும்னு கிழக்கு, இல்ல எங்க பக்கம்தான்னு மேற்கு. அம்புட்டுப் பேரும் ஒரே வாயா, மைதானம் எங்களுக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காரியம் முடிஞ்சிருக்கும்.

ஆபீசரு கிழக்குக்காரங்ககிட்ட, மேற்கு மேட்சுக்கு எவ்வளவு பேரு வாராங்கன்னு கேட்டாரு. எம் புருஷன்தான் முன்னால நின்னாரு. "பத்துப் பேரு வந்தா அதிகம் சார். மிச்சம் ஆடு"ன்னாரு. கிழக்குப் பக்கம் எல்லாரும் சிரிச்சாவ. பொறவு மேற்குக்காரங்ககிட்ட, கிழக்கு மேட்சுக்கு எப்படின்னு கேட்டாரு. என் தம்பி சொல்லுதான், "போட்டோல்லாம் பொய் சார். ஆடுறவன விடப் பாக்குறவன் கம்மி." அந்தப் பக்கம் எல்லாரும் சிரிச்சாவ. ஆபீசரு ரெண்டையும் எழுதிக்கிட்டாரு. அவரு மேல குத்தம் சொல்ல மாட்டேன். சொன்னதத்தான எழுதினாரு.

நான் கூட்டத்த விலக்கிக்கிட்டு முன்னால போயி, "சார், காலையில பொம்பளப் பிள்ளைக இங்கனதான் ஆடுதுக"ன்னேன். அவரு மரியாதையாத்தான் கேட்டாரு.

"பாக்க எத்தனை பேரு வருவாங்கம்மா?"

தறிச் சத்தத்துக்கு ஊடால பேசிப் பேசி என் தொண்டை பெருசு. மெதுவாச் சொல்லத் தெரியாது. "நான் ஒரு ஆளுதான் சார்"னு சொன்னது டேங்கு வரைக்கும் கேட்டிருக்கும். கிழக்கு, மேற்கு எல்லாரும் சேந்து சிரிச்சாவ. அன்னைக்குத்தான் அவங்க ஒத்துமையா ஒரு காரியம் செஞ்சாவ. பாக்கத்தான் சார் ஒரு ஆளு, ஆட ஒரு டீமே இருக்குன்னு நான் சொல்லுததுக்குள்ள அவரு ஜீப்புல ஏறிட்டாரு.

வண்டி நிறுத்துற இடம்னு முடிவாச்சு. ஜேசிபி வந்த அன்னைக்கு ரெண்டு கிளப்பும் மறிக்கப் போனாவ. மத்தியானத்துக்குள்ள போலீஸ்காரங்க கலைச்சு விட்டுட்டாவ. சாயங்காலம் வீட்டுல வந்து உக்காந்து, ரெண்டு பேரும் என்ன பேசுனாங்கன்னு நினைக்கிய? மறியலுக்கு கிழக்குல எத்தனை பேரு வந்தான், மேற்குல எத்தனை பேரு வந்தான்னு. போட்டோவ வச்சு எண்ணுதாவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில இருந்த தோசைக் கரண்டியால ரெண்டு பேரையும் போட்டிருப்பேன்.

அதோட விட்டாங்களா? பேசிப் பேசிக் கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தது என் தலையில. "ஏட்டி, நீ அங்கன போயி ஒரு ஆளுன்னு சொல்லாம இருந்தா மைதானம் போயிருக்காது"ன்னாரு இவரு. "ஆமாக்கா, நீ ஏன் வாயக் குடுத்த?"ன்னான் தம்பி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ரேஷன் கடை வரிசையில கூட ஒருத்தி, "ஒரு ஆளுன்னு சொன்னது நீதானா?"ன்னு கேட்டுட்டா.

மைதானத்துல ஜல்லியக் கொட்டிச் சிமெண்டு போட்டாவ. பள்ளிக்கூடத்து முத்தமும் சிமெண்டுதான். மத்தப் பிள்ளைக அதுல ஓடியாடிப் பழகிச்சுக. எம் மக எங்க விழ? ஒரு நாளு பழக்க தோஷத்துல சிமெண்டுல பாய்ஞ்சிட்டா. முழங்கையில இருந்து இடுப்பு வரைக்கும் தோலு வழண்டு போச்சு. தறிக் கழிவு நூலச் சாக்குல அடைச்சு, மெத்தை மாதிரி தைச்சுக் குடுத்தேன். விழுந்தா அது அவளையும் இழுத்துக்கிட்டு வழுக்கிட்டுப் போகுது. "வேண்டாம்மா, இருக்கட்டும்"னுட்டா. அதுக்கப்புறம் நின்ன இடத்துலயே பந்தப் பிடிச்சுப் பழகினா.

செலெக்ஷன் தென்காசியில. இவருக்கு லோடு இருந்துச்சு, தம்பிக்குக் கடை. நானும் அவளும் விடியக்காலை பஸ் ஏறிப் போனோம். பச்சப்பசேல்னு புல்லுத் தரை. முதல் பந்து நேரா வந்துச்சு, பிடிச்சிட்டா. ரெண்டாவது பந்து இடது மூலைக்குப் போச்சு. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அவ காலு அந்தப் பக்கம் ஒரு எட்டு வச்சுச்சு. ஆனா அவ விழல. பந்து உள்ள போறதப் பாத்துக்கிட்டே நின்னா. மூணாவதும் அப்படித்தான். நடத்துன சார், "ஏம்மா, டைவ் அடிக்கத் தெரியாதா?"ன்னு கேட்டாரு. லிஸ்டுல பேரு இல்ல.

திரும்பி வாரப்ப பஸ்ஸு ஊரு கிட்டத்துல வந்ததும் சொன்னா. "எம்மா, பந்து எங்க வருதுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. உடம்புதான் விழ மாட்டேன்னுட்டு." அவ பையை வாங்கி என் மடியில வச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா இவரும் தம்பியும் டிவி முன்னால உக்காந்திருக்காவ. மேட்சு ஓடுது, சீட்டுக் கணக்கும் ஓடுது. மக யாரையும் பாக்காம நேரா முத்தத்துக் குழாயடிக்குப் போயி காலக் கழுவினா. இவரு திரும்பிப் பாத்து, நல்ல சந்தோஷமாத்தான் கேட்டாரு.

"ஏட்டி, அங்கன கூட்டம் எம்புட்டு?"

அவ குழாய மூடிட்டு, "ஒரு ஆளுப்பா. அம்மா வந்தா"ன்னு சொன்னா.

"அம்புட்டுதானா"ன்னுட்டு அவரு டிவி பக்கம் திரும்பிட்டாரு.