பொட்டு வைத்த வில்லையோடு ஒரு நாள்

அன்று காலை குளித்ததும் முதல் வேலையாக, ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு கறுப்பு வில்லைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நாற்பத்தொரு வயதுக்காரி செய்கிற காரியமா? ஆனால் 1970-ல் எம்.எஸ்ஸி. படித்தபோது, ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த எக்ஸ்-ரே கருவிக்குப் பொட்டு வைத்தவளும் நான்தான். கை பழகிவிட்டது.

வில்லை ஒரு மீக்கடத்தி. திரவ நைட்ரஜனில் குளிர்வித்தால் மின்தடையே இருக்காது. கல்லூரி உலையில் இரண்டு மாதம் சுட்டுச் சுட்டு, உருப்படியாக வந்தது இது ஒன்றுதான். அதிலுள்ள செம்பின் எலெக்ட்ரான்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எக்ஸ்-ரே பாய்ச்சிப் பார்க்க, ஊருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார்கள்: 1988 பிப்ரவரியில் ஒரு வியாழன். தவறினால் அடுத்த வருடம்தான்.

ஸ்ரீரங்கத்தில் காலை 7.10-க்கு ஒன்றாம் நம்பர் பஸ். டிக்கெட் ஒரு ரூபாய். காவிரிப் பாலத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படிக்கும் காலத்தில், முந்தின நாள் இருட்டறையில் கழுவிய எக்ஸ்-ரே ஃபிலிமை இதே பாலத்தில் வெயிலுக்கு நேரே பிடித்து வளையங்களை எண்ணுவேன். கூடப் படித்த பாலக்கரை ஸ்டெல்லா பார்ப்பதற்குள், அது என்ன படிகம் என்று நான் கண்டுபிடித்துவிட வேண்டும்! கல்யாணத்துக்குப் பிறகு அந்த அவசரம் எங்கே போனதோ.

ஜங்ஷனில் பஸ் மாறி இன்னும் பதினாறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்குச் சேர்ந்தேன். கருவியைப் பார்த்துக்கொள்ளும் சேவியர் டப்பாவைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"என்ன மேடம், பொட்டெல்லாம் வச்சுப் பொண்ணு காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"ஓரத்துல ஒரு புள்ளிதாங்க."

"ஈரச் சந்தனமாச்சே, பரவியிருக்கு பாருங்க. மேல்தோல்ல இருக்கிற எலெக்ட்ரான்தான் வெளியே வரும். சந்தனம் தெரியும், செம்பு தெரியாது."

"தண்ணியில துடைச்சா?"

"ஐயையோ, இன்னும் கெட்டுடும். உடைச்சு உள்பக்கத்தைக் காட்டலாம். பொடியாப் போனா நான் பொறுப்பில்லைங்க."

"குடுங்க, நானே உடைக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். இரண்டே துண்டு. உள்ளே புதுக் கறுப்பு.

கருவிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க மதியம் இரண்டு மணி ஆயிற்று. பிறகு கருவியின் பேனா தாளில் ஒரு சிகரம் வரைந்தது. அதன் பக்கத்தில் மெதுவாக ஒரு சின்ன மேடு. செம்பு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்பதற்கு அந்த மேடுதான் சாட்சி. அது வரைந்து முடியும் வரை நான் உட்காரவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு: வில்லையை ஈரம் படாமல் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். பொட்டு டப்பாவுக்குப் போதும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அங்கே டீ மட்டும்தான். திரும்பக் கடைசி பஸ் 5.20.

ஜூனில் என்னைத் துறைத் தலைவராக்கப் போகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யப் போகிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.