சீஃபோர்ட் திராட்சைத் தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை விசாரணை

வைன் குடிக்கிற ஆசையில் நான் சசெக்ஸ் போகவில்லை. அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று தெரியவந்ததும், போய் விசாரித்துக்கொண்டு வா என்று பெரியப்பா அனுப்பினார். 1994 ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆகவே தென் லண்டனில், எங்கள் நோர்பரியில் யாரும் எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து அனுதாபம் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டார் தந்த குறிப்பில் 'உணவுக் கொம்பனியில் கெமிஸ்ட்' என்று இருந்தது. ஸ்ட்ரெதமில் யாரோ ஒருவர் பெரியப்பாவைக் கண்டு, "உது கெமிஸ்ட் வேலை இல்லை அண்ணை, தவறணை வேலை" என்று சொல்லிவிட்டார். ஊரில் கள்ளு விற்கிற இடத்துக்குத் தவறணை என்று பெயர். அதற்குப் பிறகு பெரியப்பாவுக்கு நித்திரை இல்லை. இதற்கிடையில் ரொறொன்ரோவில் ஒரு கணக்காளரும் வரிசையில் நின்றார். அவர்களுக்குச் செவ்வாய் பின்னேரம் ஏழு மணிக்குப் பதில் சொல்வதாகப் பேச்சு.

"ஏழுக்கு முதல் எனக்குச் சொல்லிப்போடு. ஆள் குடிக்கிறானோ இல்லையோ. வேற கதை ஒண்டும் வேண்டாம்" என்றார் பெரியப்பா.

நான் குளிரூட்டி எஞ்சினியர். சுப்பர்மார்க்கெட்டுகளின் குளிர் அறைகளைத் திருத்துகிறவன். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் லீவு போட்டேன்.

நோர்பரியிலிருந்து ஈஸ்ட் குரொய்டன் பத்து நிமிடம். அங்கிருந்து லூயிஸ் முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. லூயிஸில் இறங்கி சீஃபோர்ட் போகிற சின்ன ரெயினைப் பிடிக்க வேண்டும். நான் போன அன்று அது வரவேயில்லை. அடுத்தது அரை மணித்தியாலம் கழித்து என்று பலகையில் போட்டார்கள். காரணம் போடவில்லை. மேடையில் அந்த முனைக்கும் இந்த முனைக்குமாக நடந்தேன். சாப்பாட்டுக் கடையில் வரிசை நீளமாக இருந்ததால் ஒன்றும் சாப்பிடவில்லை. இது பிறகு பெரிய பிழையாகப் போனது.

சீஃபோர்ட் ஸ்டேஷனிலிருந்து தோட்டம் இரண்டரை மைல். டாக்ஸிக்கு நாலு பவுண் கொடுத்தேன். சாரதி வயதானவர். "திராட்சைத் தோட்டமா? எங்கள் அப்பா காலத்தில் அது ஆட்டுக்காடு. இங்கே வைன் செய்வதும் ஐஸ்லாந்தில் வாழைப்பழம் போடுவதும் ஒன்று" என்றார். அவரிடம் எனக்கு உடனே மரியாதை வந்தது.

போய் இறங்கினால், அது தெற்கு நோக்கிச் சரிந்த ஒரு மலைப் பக்கம். கம்பிகளில் கட்டிய கொடிகள் வரிசை வரிசையாகக் கீழே இறங்குகின்றன. இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் தெரிகிறது. காற்று காதைப் பிடித்து முறுக்குகிறது. வாசலில் ஒரு மரக் கொட்டில், அதில் வைன் விற்கிறார்கள். கல்லாவில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் சுற்றி வளைக்கவில்லை. குகன் என்று ஒருவர் இங்கே வேலை செய்கிறாரே, அவர் குடிப்பாரா என்று கேட்டேன்.

"குடிக்கிறதா? நான் சம்பளத்தில் வாங்கிக் குடிக்கிறதை அந்த மனுசன் வடிகாலில் துப்புகிறார். பார்க்க வயிறு எரிகிறது" என்றாள்.

பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பிப் போகப் பார்த்தேன். அடுத்த ரெயினைப் பிடித்திருக்கலாம். அதற்குள் பின்பக்கத்தால் ஒருவர் வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று வயது, றப்பர் அங்கி, கை முழுக்கப் பழக் கறை.

"வாங்கோ தம்பி. பெரியப்பா சுகமா இருக்கிறாரோ?"

"என்னைத் தெரியுமோ?"

"தெரியாது. வேலை நாளில கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருத்தன் இங்க வந்து கல்லாவில இருக்கிற ஷீலாவிட்ட நான் குடிக்கிறனோ எண்டு கேட்டால், வேற என்னத்துக்கு வந்திருப்பான்? வாங்கோ, முழுக்கக் காட்டிறன்."

"எனக்குக் கனநேரம் இல்லை அண்ணை."

"திராட்சைக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆனால் மெதுவாகத்தான் நடந்தார். ஒவ்வொரு வரிசையிலும் நின்றார். ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றார், விதையைக் கடித்து அதன் நிறத்தைப் பார்த்தார். சாற்றில் ஒரு சொட்டைக் கையடக்கக் குழாய் ஒன்றில் விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதில் சீனி அளவு தெரியும். பிறகு அடுத்த வரிசை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

இனி வைன் விசயம். கடலோரக் குளிர் நாட்டு வைன் என்பது ஒரு தனி ரகம். கடல் பக்கத்தில் இருப்பதால் வசந்தத்தில் உறைபனி குறைவு, இலையுதிர் காலம் நீளம். ஆனால் கோடை சூடாவதில்லை, பூக்கிற நேரத்தில் காற்று பூவைக் கொட்டிவிடும். பழம் ஆறுதலாக, மெதுவாகப் பழுக்கும், புளிப்பு இறங்காது, சீனி ஏறாது. ஆகவே வைன் வெள்ளையாக, மெல்லியதாக, கூர்மையாக வரும். மதுசாரம் பத்து, பதினொரு வீதம். பிரான்சில் லுவார் ஆறு கடலில் விழுகிற இடத்திலும், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலும், தாஸ்மேனியாவிலும் இதே கதைதானாம். குகன் லுவார் பக்கம் ஒரு அறுவடை வேலை செய்திருக்கிறார். அங்கே வைனைச் சிப்பியோடு குடிப்பார்களாம், வேறு சாப்பாட்டோடு கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களாம்.

"வைன்ல இருக்கிற முக்கியமான புளிப்பு டார்டாரிக் அமிலம். அது எங்கட பழப்புளியில இருக்கிறதுதான், அதே சாமான்" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தேன். சரிதான்.

அன்று அவருக்கு ஒரு தலையிடி இருந்தது. வெள்ளிக்கிழமை மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. நாளைக்கே பிடுங்குவோம் என்று முதலாளி நிற்கிறார். வியாழன் வரை பொறுப்போம் என்று குகன் நிற்கிறார்.

"மழை முந்தி வந்தால்?" என்று கேட்டேன்.

"பழம் வெடிச்சு அழுகும். ஒரு வருச வேலை போச்சு."

"பிறகேன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிடுங்கி முடிக்க வேண்டியதுதானே?"

"நாளைக்குப் பிடுங்கினால் கட்டாயம் புளிக்கும். நாளையிண்டைக்குப் பிடுங்கினால் சரிவரக்கூடும். நீங்களெண்டால் என்ன செய்வியள்?"

"இண்டைக்கே பிடுங்குவன்."

"எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் ஏறியது.

பிறகு வைன் தாங்கிகள் இருக்கிற கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே குளிரூட்டி இயந்திரத்தின் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நிமிடம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் சூட்டை வெளியே தள்ளுகிற கொண்டென்சர் முழுக்கக் காய்ந்த இலை. "இதை எத்தினை வருசமாத் துப்பரவாக்கேல்லை?" என்று கேட்டேன். "அது துப்பரவாக்கிற சாமானோ?" என்றார். கெமிஸ்ட்தான், சந்தேகமில்லை. ஒரு தூரிகை வாங்கிப் பத்து நிமிடத்தில் தட்டி முடித்தேன். அந்த நாளில் உருப்படியாக நடந்த முதல் காரியம் அது.

அந்தச் சந்தோசத்தில்தான் விசயம் பிழையாகப் போனது. அவர் ஒவ்வொரு தாங்கியாகக் குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்துத் தந்தார். முதலாவது ஜெர்மன் பெயர்கொண்ட ஒரு ரகம், பூ மணம். இரண்டாவது பச்சை அப்பிள். மூன்றாவது நாக்கின் இரண்டு கரையையும் பிடித்து இழுத்தது. நாலாவது அதே வைன், இரண்டு வருடம் பழையது, புளிப்பு அடங்கி வெண்ணெய் பூசியதுபோல இருந்தது. கடைசியில் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் தரம் நொதிக்க விட்ட நுரை வைன். இந்தக் குளிருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கும் நுரை வைன்தான் எதிர்காலம் என்று அவர் அடித்துச் சொல்கிறார். அது எனக்கும் பிடித்தது. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

அவர் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து, அலசி, வடிகாலுக்குள் குறி தவறாமல் துப்பினார். நான் விழுங்கினேன். தந்ததைத் துப்புகிறது மரியாதை இல்லை என்பது என் எண்ணம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"தம்பி, துப்புங்கோ" என்றார் மூன்றாவதில்.

"பரவாயில்லை அண்ணை."

ஐந்தாவதில் நான் தாங்கியில் சாய்ந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் அவர் கேட்டார்: "எல்லாரும் நான் குடிக்கிறனோ எண்டுதான் கேக்கினம். கலியாணவீட்டில ஒரு கிளாஸ் குடிப்பன், அதைப் போய்ச் சொல்லுங்கோ. ஆனால் கேக்க வேண்டியதை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் லண்டனுக்கு வரமாட்டன். இங்க கோயில் இல்லை, தமிழ்க்கடை இல்லை. உறைபனி எண்டால் ஏப்ரலில ராவிரவாத் தோட்டத்தில நிப்பன். ஒக்டோபரில வீட்டில ஆளைக் காணேலாது. குறிப்பில கெமிஸ்ட் எண்டு எழுதினது அம்மா. உங்கட அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமோ?"

தெரியாது. எங்கள் வீட்டில் அக்காவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குகனா கனடாவா என்று பேசிய எல்லா நேரமும் அக்கா நகர கவுன்சில் வேலையில் இருந்தார்.

நாலு மணிக்கு அலுவலக ரெலிபோனில் வீட்டுக்கு எடுத்தேன். பெரியப்பா மணி அடிக்க முதலே எடுத்ததுபோல இருந்தது.

"சொல்லு. குடிக்கிறானோ?"

"இல்லை பெரியப்பா. அவர் துப்புறவர்."

"என்னது?"

"வாயில விட்டு... துப்புறவர். வடிகாலுக்குள்ள. நல்லாத் துப்புறார் பெரியப்பா."

"டேய், உன்ர நாக்கு ஏன்டா குளறுது? நீ குடிச்சிருக்கிறியோ?"

"நான் விழுங்கிப்போட்டன்."

"அரை நாள் அவனோட நிண்டதுக்கே இந்தக் கோலம்! அவளை அவனோட சீவியம் முழுக்க அனுப்பச் சொல்லுறாய்! சரி, முடிஞ்சுது. நான் கனடாவுக்கு எடுக்கிறன்."

நான் போட்ட சத்தத்தில் ஷீலா கதவைத் திறந்து பார்த்தாள். அக்காவைக் கூப்பிடுங்கள், அக்காவிடம் கொடுக்காமல் வைத்தால் நான் வீட்டுக்கு வரமாட்டேன் என்று கத்தினேன். அன்று அக்காவுக்கு அரை நாள் ஷிப்ட், வீட்டில் இருந்தார். வந்து எடுத்தார். குகன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கோயில் இல்லை, கடை இல்லை, ஏப்ரல், ஒக்டோபர், ஒன்றும் விடவில்லை.

"ஆள் எப்பிடி?" என்றார் அக்கா.

"சரியான ஆறுதல். ஒரு வரிசைக்குப் பத்து நிமிசம். எனக்கு விசர் வந்திட்டுது."

"உனக்கு விசர் வந்ததெண்டால் நல்ல மனுசனாத்தான் இருக்கும்." பின்னால் பெரியப்பா ஏதோ சொல்வது கேட்டது. அக்கா ரெலிபோனைப் பொத்தாமலே திரும்பி, "இண்டைக்கு ஒருத்தருக்கும் எடுக்க வேண்டாம் பெரியப்பா. நான் போய்ப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றார். பிறகு என்னிடம்: "எந்த ரெயின்?"

எங்கள் குடும்பத்தில் பொம்பிளை போய் மாப்பிள்ளை பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. பெரியப்பாவும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன், போக நினைக்கிறவர்களுக்கு உதவும்.

வேலை நாளில் ஒன்பதரைக்குப் பிறகு புறப்பட்டால் மலிவு ரிக்கெட் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சீஃபோர்ட் ரெயினை நம்பவே முடியாது. லூயிஸில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்று சாப்பிடுங்கள். டாக்ஸியைத் திரும்பி வரவும் பேசி வையுங்கள். போவதென்றால் ஒக்டோபரில் போங்கள், மற்ற மாதங்களில் பார்க்க இலைதான் இருக்கும். ஒரு போத்தல்தான் வாங்குவதென்றால் நுரை வைனை வாங்குங்கள். அடியில் கண்ணாடித் தூள் மாதிரிக் கிடந்தால் கடையோடு சண்டை பிடிக்காதீர்கள், அது அந்த அமிலம் குளிரில் படிந்தது. தாங்கியிலிருந்து ருசி பார்க்கத் தந்தால் துப்புங்கள். அங்கே விழுங்குகிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

காலில் போடுவதைப் பற்றி அக்காவுக்குச் சொல்ல மறந்துபோனேன். நான் வேலைச் சப்பாத்தோடு போனபடியால் அது என் மண்டையில் ஏறவில்லை. வியாழக்கிழமை அக்கா கவுன்சிலுக்குப் போட்டுப் போகிற குதி உயர்ந்த சப்பாத்தோடு போனார். நானும் வரட்டா என்று கேட்டதற்கு, "நீ வந்து குடிக்கிறதுக்கோ?" என்றார்.

அன்றுதான் அங்கே திராட்சை பிடுங்கினார்கள். மழை வெள்ளிக்கிழமை விடியத்தான் தொடங்கியது. அக்கா வியாழன் பின்னேரம் ஏழரைக்கு வீடு வந்தார். முழங்கால் வரை வெள்ளைச் சேறு, விரலெல்லாம் பிசின். அம்மா கதவடியிலேயே நிறுத்தி, "என்ன மாதிரிப் பிள்ளை?" என்று கேட்டார். பெரியப்பா ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அக்கா ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றி, உடைந்த குதியைப் பார்த்தார்.

"நாளைக்குக் குரொய்டனில சேத்துக்குப் போடுற கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கோணும்" என்றார். "நல்லதா. கனகாலம் பாவிக்கக்கூடியதா."