பல்செட்டைக் கழற்றியவர்

தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற நான், என் சேமிப்பைப் போட்டு ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தேன். அதில் கன்னத்தில் அறை வாங்கும் வேடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸில் காவலாளியாக இருந்த ஒல்லியான பெரியவர் ஒருவர் வந்தார். சத்தத்தைத் தனியாகச் சேர்க்க வசதியில்லை. அதனால் அடி நிஜமாகவே விழுந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அவர் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அடிக்கும் நடிகனுக்குச் சிரிப்பு அடங்காமல் ஒன்பது டேக் ஆயிற்று.

"சார், படத்துல ஒன்னுதானே வரும்? மக பாக்க வருது லா," என்றார்.

"ஒன்னுதான்," என்றேன்.

படத்தின் நீளம் பற்றவில்லை. ஒன்பது அறைகளையும் வரிசையாக ஒட்டச் சொன்னவன் நான்தான்.

கிள்ளானில் திரையிட்ட அன்று அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். படம் முடிந்ததும் பெரியவர் வாசலில் என்னிடம் வந்தார்.

"ஒன்னுதான்னு சொன்னீங்களே, சார்."

"ஜனங்க சிரிச்சாங்கல்ல, அண்ணே," என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் என் வாயே எனக்கு நாறுகிறது.

அவர் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பத்தாவது டேக்குக்கு நிற்பவர் போல என் முன்னால் கன்னத்தைக் காட்டி நின்றார்.